தானாய்க் கழன்ற அரைஞாண்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். காகிதத்தை எடுத்து வைத்து, நாலு வரி எழுதி, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய் அப்படியே விட்டதும் உண்டு. எனக்குப் படிப்பு குறைவு, எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் படிப்பு மட்டும் காரணம் இல்லை. இதில் வருகிற ஒருவர் உயிரோடு இருந்த வரைக்கும் எழுதுவது ஒரு வீட்டின் புண்ணைக் கிளறுவது போல ஆகும் என்று பயந்தேன். அவர் காலமாகிவிட்டார். அவருடைய தங்கையே கோயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதீருங்க அக்கா. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க, கேக்க முடியல" என்றாள். முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன். யார் பேரும் எழுதவில்லை. ஊர், சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு எதிரே கடலைக்காய் போட்டு வைக்கிற சாளை ஒன்று இருந்தது. ஓலைக்கூரை, மண்தரை, நடுவில் பலமான ஒரு விட்டம். எழுபதுகளின் கடைசியில் மழை பொய்த்து, கடலை விளைச்சல் குறைந்து, சாளை பாதி நாள் காலியாகவே கிடந்தது. ஊர்ச் சாவடியில் நடந்த பால்வாடிக்குச் சுவர் இடிந்துபோய், பிள்ளைகளை உட்கார வைக்க இடம் இல்லாமல் எங்களிடம் வந்து கேட்டார்கள். ஊருக்கு வெளியே இருக்கிற தெக்கு வளவுப் பிள்ளைகளும் வருமே, கூலி வேலைக்காரர் பிள்ளைகளைச் சாளைக்குள் விடலாமா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். "எலி ஓடற சாளை. புள்ளைங்க ஓடுனா என்ன" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

டீச்சர் ஓமலூர்ப் பக்கத்துப் பெண். தினமும் பஸ் மாறி வருவாள். அவள் வந்த பிறகு சாளையே மாறிவிட்டது. மாடு, மயில், மாம்பழம் என்று படங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். பிள்ளைகள் கை தட்டிப் பாடுகிற சத்தம் என் அடுப்படி வரைக்கும் வரும். நான் வேலையை விட்டுவிட்டுப் போய் நின்று பார்ப்பேன். சாமி பாட்டு தவிர வேறு பாட்டை நான் நின்று கேட்டது அதுதான்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு எல்லாருக்கும் என்று வந்ததே, அந்தக் காலத்தை ஒட்டி சர்க்கார் இன்னொரு ஏற்பாடும் செய்தது. சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் உண்டானது போக, பின்தங்கின பிள்ளைகளுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். அந்தப் பணம் எங்கள் ஊருக்கு வந்தபோது மரக்கட்டைகளாகவும், படப் பலகைகளாகவும், கூட ஒரு ஆயாவாகவும், டின்னில் அடைத்த சத்துமாவாகவும், விட்டத்தில் மாட்டுகிற தராசாகவும் வந்தது. மாதம் ஒரு நாள் பிள்ளைகளை எடை போட வேண்டும். எடை ஏறாத பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போகத் தினமும் தனியாக மாவு உருண்டை. ஊரில் அதற்கு எக்ஸ்ட்ரா உருண்டை என்றே பேர் வந்துவிட்டது.

அதற்கும் ஊரில் பேச்சு. பால் ஊற்றுகிற இடத்தில் ஒரு பெரியவர் டீச்சரை வழிமறித்தார்.

"ஏனுங்கம்மா, ஒரு புள்ளைக்கு ஒண்ணு, இன்னொரு புள்ளைக்கு ரெண்டுன்னா, சர்க்காருக்கே ஓரவஞ்சனையா?"

"உங்க பட்டியில நோஞ்சான் கன்னுக்குட்டி இருந்தா தனியாப் பால் விடறதில்லீங்களா?" என்றாள் டீச்சர்.

"விடறனுங்க. ஆனாக் கன்னுக்குட்டி பெருசாகி ஓட்டுப் போடாது பாருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். வந்து என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "சிரிச்சுக்கிட்டே சொல்றாங்கம்மா, ஆனா மனசுல இருக்குது" என்றாள்.

இனி அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி, என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை. அந்த வீட்டு மருமகளும் நானும் பிறந்தது ஒரே கூட்டம், குலத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அதனால் அவள் எனக்குத் தங்கச்சி முறை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கிணறு வற்றி அவர்கள் காடு தரிசாகப் போனது. புருஷன் சங்ககிரிக்குப் போய் லாரியில் கிளீனராக ஏறிவிட்டான். வடக்கே போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. இவள் களை எடுக்கப் போனாள். எங்கள் காட்டுக்கு வரமாட்டாள், உறவுக்காரர் யார் காட்டுக்கும் போகமாட்டாள். விடிந்தும் விடியாமல் முக்காடு போட்டுக்கொண்டு, தெரியாத ஊர்க் காட்டுக்கு நடந்தே போவாள்.

அவளுக்கு ஒரே பெண் குழந்தை. நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாளையில் விட்டுவிட்டுப் போகும்போது கையில் ஒரு சின்னத் தூக்குப்போசியும் கொடுத்துவிடுவாள். அதில் கம்மங்கூழ், தண்ணீர் பாதி, கூழ் பாதி. "பாட்டு மட்டும் சொல்லிக் குடுங்க டீச்சர். சோறெல்லாம் எங்க ஊட்டுல இருக்குது" என்பாள். அந்தக் குழந்தை எல்லாருக்கும் சாப்பாடு போடும்போது ஒரு ஓரமாக உட்கார்ந்து தன் போசியைத் துழாவும்.

ஆனால் அந்தக் குழந்தையின் உடம்பில் வெள்ளி இருந்தது. தாயின் அண்ணன் போர்க்கிணறு போடுகிற ரிக் வண்டியில் வேலை செய்தவர். நல்ல வருமானம் இருந்த சமயத்தில் குழந்தை பிறந்தது. தாம்பாளத்தில் வைத்து ஊரே பார்க்கக் கொண்டுவந்தார். அரசிலை கோத்த கனமான வெள்ளி அரைஞாண், காலுக்குத் தண்டை, கைக்குக் காப்பு. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் போட்ட அரைஞாணைச் சும்மா கழட்டமாட்டார்கள். மாற்ற வேண்டும் என்றால் புதிதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுப்பார்கள், அதுவும் மாமன் கையால். குழந்தை வெறும் இடுப்போடு இருக்கக் கூடாது. கூலிக்குப் போகிற அவளுக்கு அந்த வெள்ளி ஒரு பிடிமானம். பிறந்த வீடு இன்னும் எனக்கு இருக்கிறது என்று அவள் வாயால் சொல்லாமல் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அது.

எடை போடுகிற நாளில் எல்லாத் தாய்மாரும் வருவார்கள். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகமாட்டாள். குழந்தைக்குத் தலை சீவி, மை வைத்து, பெட்டியில் இருக்கிற தாயத்துகளையும் சேர்த்துக் கட்டி, திருவிழாவுக்குக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுவருவாள். நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு வெறுமனே கொண்டுவரலாமா?

"துணிமணி, நகைநட்டு எல்லாம் கழட்டிட்டுத்தான் எடை போடோணும்னு சொல்லிருக்காங்க அம்மிணி" என்று டீச்சர் முதல் மாதமே சொன்னாள்.

"மாமன் போட்டதுங்க டீச்சர். அதுல கை வைக்கப்படாது."

தெக்கு வளவுப் பெண் ஒருத்தி குறும்புக்காரி. "எம் புள்ளைக்குக் கருப்புக் கவுறு ஒண்ணுதானுங்க டீச்சர். எங்க எடை கலப்படம் இல்லாத எடை, நல்லாப் பாத்துப் போடுங்க!" என்றாள். சாளையே சிரித்தது. இவள் முகம் மட்டும் இருண்டுவிட்டது. அதற்குப் பிறகு டீச்சர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கொஞ்சம் வெள்ளியால் என்ன வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டாள். மாதாமாதம் தராசு முள் போதும் என்கிற கோட்டுக்கு மேலேயே நின்றது. எக்ஸ்ட்ரா உருண்டைக்கு அந்தக் குழந்தையைச் சேர்க்கவில்லை. அந்தக் குழந்தையைப் பார்த்தால் கன்னம் ஒட்டிப்போய்த் தெரியும். தராசைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். சர்க்கார் தராசு பொய் சொல்லுமா என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அரைஞாண் தளர்ந்துகொண்டே வந்தது அவளுக்குத் தெரியாமல் இல்லை. நூலால் முடிச்சுப் போட்டு இறுக்கி வைத்திருந்தாள். "ஓட ஆரம்பிச்சா இளைக்கத்தானே செய்யும் அக்கா" என்றாள்.

அந்த வருஷம் ஊரில் பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை போட்டது. அந்தக் குழந்தைக்கும் வந்தது. வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பு நிறுத்தி, மாரியம்மனை வேண்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றிய பிறகு மறுபடி கொண்டுவந்தாள். அது எடை போடுகிற நாளாக அமைந்தது. வழக்கம் போல மை, தாயத்து, வெள்ளி எல்லாம் உண்டு.

டீச்சர் குழந்தையின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். மெதுவாகத்தான் தூக்கினாள். நான் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் முடிச்சு அவிழ்ந்ததோ என்னவோ, அரைஞாண் இடுப்பை விட்டு, தொடையை விட்டு, குச்சி மாதிரி இருந்த காலில் சறுக்கி, தண்டையில் ஒரு நொடி தொங்கி, மண்ணில் விழுந்தது. யார் கையும் அதில் படவில்லை.

கலப்படம் இல்லாத எடை என்று சிரித்தாளே, அவள்தான் முதலில், "ஐயோ சாமி" என்றாள்.

டீச்சர் பழக்கதோஷத்தில் குழந்தையைத் தராசுத் துணியில் உட்கார வைத்துவிட்டாள். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, தராசில் கோளாறோ என்று ஒரு தட்டுத் தட்டினாள். முள் ஆடி, அதே இடத்தில் வந்து நின்றது. அதற்குள் தாய்க்காரி குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கீழே கிடந்ததை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

டீச்சர் என்னிடம் வந்து, "இந்தப் புள்ளைக்கு எப்பவோ எக்ஸ்ட்ரா குடுத்திருக்கோணுங்கம்மா. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா..." என்றாள்.

அன்றைக்கே குழந்தையை எக்ஸ்ட்ராவில் சேர்த்துவிட்டாள். ஆனால் குழந்தை வரவில்லை. நான் போய்க் கேட்டேன்.

"மாமன் போட்டது தானாக் கழண்டா அந்தப் புள்ளைய வாசப்படி தாண்ட விடக்கூடாது அக்கா. அண்ணன் வந்து கட்டட்டும், அப்புறம் கொண்டாரேன்."

"உங்கண்ணன் எங்க இருக்காரு?"

"வண்டி மத்தியப் பிரதேசத்துல நிக்குதுங்களாம். ரிக் ஆபீஸ்ல சொல்லி உட்டிருக்குது."

"அவரு வர வரைக்கும் புள்ளை தாங்குமா அம்மிணி?"

குழந்தை பாயில் படுத்திருந்தது. ஈ வந்து கண்ணில் உட்கார்ந்தாலும் கை தூக்கி ஓட்டவில்லை. பாலாவது கொடுக்கலாம் என்று என் வீட்டிலிருந்து எடுத்துப் போனேன். "இருக்குதுங்க அக்கா" என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

டீச்சருக்கு அங்கே ஒரு கஷ்டம். உருண்டையைச் சாளையில், அவள் கண் முன்னால்தான் பிள்ளை தின்ன வேண்டும், வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை. வீட்டுக்குப் போனால் பெரியவர்கள் தின்றுவிடுகிறார்கள் என்று வேறெங்கோ புகார் வந்ததாம். அதையும் மீறி ஒரு நாள் வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். தாய்க்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்தே, "ஊர் பாக்க எங்க ஊட்டுக்கு உருண்டை கொண்டாராதீங்க. நாங்க இன்னும் அந்த நெலமைக்கு வரல" என்றாள். டீச்சர் இலையைத் திருப்பிக் கொண்டுவந்து டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். குழந்தைக்கென்று வந்த மாவு எங்கள் சாளையில் இருந்தது. குழந்தை இரண்டு வீடு தள்ளிக் கிடந்தது. நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச தூரத்தைத் தாண்ட யாராலும் முடியவில்லை.

நான் கிருத்திகை விரதம் இருப்பவள். அந்த மாதம் முருகன் மலைக்குப் போகக் கால் வரவில்லை. வீட்டிலேயே விளக்கேற்றி வைத்து, "இந்தப் புள்ளைக்கு ஒரு வழி சொல்லு" என்று மட்டும் கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு காலை நேரம் என் தம்பி வந்தான். ஓமலூர்ப் பக்கம் விவசாயம் செய்கிறவன். குலதெய்வக் கோயில் பூசைக்கு அழைக்க வந்தவன், மோர் குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான்.

"ஏங்க்கா, மோர்ல உப்பு போட மறந்துட்டீங்க. என்ன யோசனை?"

நான் எல்லாம் சொன்னேன். அவன் மீசையைத் துடைத்துக்கொண்டு விளையாட்டாகத்தான் சொன்னான். "ஒரே கூட்டத்துல பொறந்திருக்கறோம், அந்த அம்மிணிக்கு நானும் அண்ணன்தானே? அந்தப் புள்ளைக்கு நானும் மாமன். நான் வேணாக் கட்டறேன் போங்க."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். இவ்வளவு நாளாக என் புத்திக்கு ஏன் எட்டவில்லை? அது என் தம்பி பேசின பேச்சு இல்லை, முருகன் அவன் வாயில் வைத்த பேச்சு என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். "வெளையாட்டுக்குச் சொன்னியோ என்னவோ, எந்திரி" என்று அவனைக் கையைப் பிடித்து எழுப்பினேன். விளக்குக்கு முன்னால் இருந்த மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டோம்.

அவள் எங்களைப் பார்த்ததும் பாய் எடுத்துப் போட்டாள். என் தம்பி பாயில் உட்காராமல் குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"வெள்ளி போட எனக்கு வக்கில்லை அம்மிணி. இந்த வருஷம் மரவள்ளியும் போச்சு. மஞ்சக் கவுறுதான் கொண்டாந்திருக்கறேன். மாமன் மொறைக்கு இது போதுமா போதாதா, நீயே சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கண்ணன் வந்தா என்னங்க சொல்லுவாரு?"

"வந்தா நான் பேசிக்கறேன். கையெடுத்துக் கும்புட்டாவது பேசிக்கறேன்."

"கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சுக்கறதுக்குப் புள்ளை இருக்கோணுமே தாயி" என்றான். அதைக் கேட்டதும் அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே தலையை அசைத்தாள். என் தம்பி கிழக்கே பார்த்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக் கயிற்றைக் கட்டினான். கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியும் மிச்சம் இருந்தது. குழந்தை அவன் மீசையைப் பிடிக்கக் கையைத் தூக்கி, எட்டாமல் கீழே போட்டுவிட்டது.

மறுநாள் அவளே குழந்தையைச் சாளைக்குத் தூக்கி வந்தாள். தூக்குப்போசி கொண்டுவரவில்லை. முதல் சில நாள் குழந்தைக்கு மென்று விழுங்கவே தெம்பு இல்லை. டீச்சர் உருண்டையைப் பாலில் கரைத்து நாக்கில் தடவினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு பிடித்தது. கால் ஊன்றியது. ஒரு நாள் மற்றப் பிள்ளைகள் பாடும்போது இதுவும் கை தட்டியது, தாளம் எங்கேயோ, தட்டு எங்கேயோ. டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

எடை ஏறிவிட்டால் எக்ஸ்ட்ராவை நிறுத்திவிட வேண்டும் என்பதும் சட்டம். நிறுத்தினார்கள். வேண்டாம் என்று கதவைச் சாத்தியவளே அப்போது சாளைக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், தேறுனா நிறுத்திப்போடுவீங்களா? அப்பத் தேறாமயே இருக்கோணுமா எம் புள்ளை?"

"மேல அப்படித்தானுங்க சொல்லிருக்காங்க."

"மேல இருக்கறவிங்க புள்ளை பெத்தவிங்கதானா?" என்றாள். டீச்சரால் சிரிக்கவும் முடியவில்லை. மத்தியானச் சோறாவது எல்லாரோடும் சாப்பிடட்டும் என்றாள். அவள் சரி என்றுவிட்டாள். தெக்கு வளவுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழந்தை சாப்பிட்டது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் பங்காளி வீட்டுப் பெண்கள் எங்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு முன்னால் ரிக் வண்டி திரும்பியது. அவள் அண்ணன் பலகாரப் பெட்டியும் துணிமணியுமாக நேராக அங்கே வந்தார். நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். குழந்தையைத் தூக்கினவர் சட்டையை விலக்கிப் பார்த்தார்.

"இது யாரு கட்டுனது?"

"அக்காவோட தம்பிங்க அண்ணா. நம்ம கூட்டந்தானுங்களே..."

"கூட்டத்துல ஆயிரம் பேரு இருக்கறான். ஆயிரம் பேரும் உனக்கு அண்ணனா?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஏனுங்க, நான் செத்தா போயிட்டேன்?"

"கோவிச்சுக்காதீங்க சாமி. புள்ளை இருந்த இருப்பு அப்படி. நீங்க போட்டது தானாக் கழண்டு விழுந்துருச்சு."

"தானா விழுமா? அந்த டீச்சர் அத்துப் போட்டாளாம், தெக்கு வளவு பூரா பாக்க. எங்க ஆபீஸ் வரைக்கும் வந்து சொல்லிப்போட்டாங்க. நீங்க தானா விழுந்துச்சுங்கறீங்க."

நான் எவ்வளவோ சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. அப்போது எனக்குக் கோபமாக இருந்தது. வயசான பிறகு புரிகிறது. தானாக விழுந்தது என்று ஒத்துக்கொண்டால், தான் ஆசையாகப் போட்ட வெள்ளிக்குள்ளேயே தங்கச்சி பிள்ளை கரைந்துகொண்டிருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதைவிட ஒரு டீச்சர் அறுத்தாள் என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. வடக்கேயிருந்து புதிதாக வெள்ளி கொண்டுவந்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. "கவுறு கட்டுன மாமனே காதும் குத்தட்டும், சீரும் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். என் தம்பி அவர் ஊருக்கே போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லையாம்.

அந்த அண்ணன் டீச்சர் மேல் புகார் கொடுத்தார். விசாரிக்க ஒரு ஆபீசரம்மா சாளைக்கு வந்தார். நான் பார்த்ததைச் சொன்னேன். தெக்கு வளவுப் பெண்களும் சொன்னார்கள். சாளை எங்களுடையது, மற்றவர்கள் அங்கே பிள்ளையை விடுகிறவர்கள், அதனால் டீச்சருக்குச் சாதகமாகத்தானே பேசுவோம் என்று நினைத்தார்களோ என்னவோ. கடைசியில் தாயைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அண்ணன் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் அண்ணனைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தால் பிறந்த வீடாவது மிஞ்சும் என்று நினைத்திருப்பாள். அதுவும் மிஞ்சவில்லை.

டீச்சரை ஆத்தூரைத் தாண்டி எங்கேயோ மாற்றிவிட்டார்கள். போகிற அன்று தராசைத் துடைத்து, படங்களை அடுக்கி, சாவியை என் கையில் கொடுத்தாள். நான், "நீ அறுக்கலைன்னு ஊருக்கே நான் சொல்றேன் சாமி" என்றேன்.

"சொன்னீங்களேம்மா. யாரு கேட்டாங்க?" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டாள்.

அந்தக் குழந்தைக்குக் காது குத்துவது தள்ளிக்கொண்டே போனது. மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும். என் தம்பியைக் கேட்டோம். அவன் முடியாது என்றுவிட்டான். "கவுறு கட்டுனது உசுருக்குங்க அக்கா. காது குத்தறது மரியாதை. அது உரியவருக்குத்தான்." அவள் வருஷா வருஷம் அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். பெண் பெரிய பள்ளிக்கூடம் போய், குத்தாத காதோடு வகுப்பில் கேலிப் பேச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதாள்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் ஒரு நாள் தாய்க்காரி குலதெய்வக் கோயிலுக்கு எங்களை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். காது குத்த வந்த பத்தர் கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமன் எங்கீங்க? வந்து உக்காரச் சொல்லுங்க" என்றார்.

அவள் பெண்ணை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "குத்துங்க."

"ஆத்தா மடியிலயா? வழக்கம் இல்லீங்களே அம்மிணி."

"எம் மடியிலதான். நீங்க குத்துங்க."

பெண் வளர்ந்தவள், மடியில் அடங்கவில்லை, கால் இரண்டும் வெளியே நீண்டிருந்தது. இரண்டு காதும் குத்தி முடிகிற வரைக்கும் தாய்க்காரி அசையவில்லை. திரும்பி நடந்து வரும்போதுதான், "அன்னைக்கு அந்த ஆபீசரம்மா முன்னால வாயத் தொறந்திருக்கோணும் அக்கா" என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. படிக்கிறவர்கள் இதை வேறு யாருக்காவது சொல்வதாக இருந்தால், ருசிக்காக எதையும் சேர்க்க வேண்டாம், யாருக்காகவும் எதையும் விடவும் வேண்டாம். மாமனைக் கெட்டவர் ஆக்காதீர்கள். கண்காணாத ஊர் வெயிலில் உழைத்து வெள்ளி வாங்கினவர் அவர். தாய்க்காரியைத் தூற்றாதீர்கள். என்னையும் பெரிய மனுஷி ஆக்கிவிடாதீர்கள். நான் ஒரு வழி கேட்டேன், கொடுத்தவன் வேறு. அந்த டீச்சர் ஆத்தூர்ப் பக்கம் எங்கேயாவது இன்னமும் இருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். வாய் மாறி வாய் போய் என்றைக்காவது இது அவள் காதில் விழலாம். அப்போது, ஆமாம், அன்றைக்கு இப்படித்தான் நடந்தது என்று அவள் தலையசைக்கிற மாதிரி இருக்க வேண்டும்.